அந்தரத்தில் காயும் வத்தல்

செண்பகம் மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவரைத் தாண்டி, வெறும் காற்றில் நடந்துபோய் வத்தல் காயவைக்கத் தொடங்கிச் சித்திரை பாதி ஓடிவிட்டது. தெருவில் இப்போது யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. காய்கறிக்காரர் மட்டும் அந்த இடம் வந்ததும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார். கூழ் சொட்டுமாம்.

நடுத்தெருவுக்கு நேர்மேலே, மாடி உயரத்தில், அவள் வேட்டியை விரிப்பாள். அங்கே காக்கை வராது. வெயில் கீழிருந்தும் படும். வத்தல் முல்லை மொட்டு மாதிரி வெளுத்துக் கிடக்கும்.

இதையெல்லாம் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவள் மங்கையற்கரசி. அவள் மூத்த மருமகள்; செண்பகம் இளையவள். கீழ்வீடு இவளுக்கு, மேல்வீடு அவளுக்கு. அடுப்பு பிரிந்த நாளிலிருந்து ஓர்ப்படிகள் இருவரும் ஒருவரோடொருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது பயமாக இருந்தது.

மங்கை துணிச்சல்காரி அல்ல. ஸ்டூலில் ஏறிப் பரணைத் துடைக்கக்கூட மாட்டாள். புதுக்கடையில் புளி வாங்க மாட்டாள். அவளுடைய வத்தல் மாடித் தரையில், பழைய சேலையில், காக்கைக்குப் பாதி போக மீதி காயும்.

நேற்று மத்தியானம் அவள் கணவர் சபாபதி சாப்பாட்டின் நடுவே சொன்னார்: "சின்னவ குடுத்தனுப்புன வத்தல் வாயில வச்சதும் கரையுது."

"அப்படியா" என்றாள் மங்கை. மோரை ஊற்றினாள். தட்டு நிரம்பி, தரை நிரம்பி, மோர் வாசல்படி வரைக்கும் போனது. சபாபதி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிட்டு முடித்தார்.

இன்று காலை அவள் கைப்பிடிச்சுவரில் ஏறி உட்கார்ந்து, வலது கால் பெருவிரலை வெளியே நீட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. காற்று காற்றாகத்தான் இருந்தது.

அப்போது தூரத்தில் செண்பகம் ஒரு வத்தலைத் திருப்பிப்போட்டாள். அதன் வெள்ளை கண்ணில் பட்டதும் மங்கையின் பெருவிரலுக்குக் கீழே ஏதோ தட்டுப்பட்டது. பார்வையைத் திருப்பினாள். போய்விட்டது. மறுபடி பார்த்தாள். மறுபடி தட்டுப்பட்டது.

'அட, இது என்னடா கூத்து' என்று அவளுக்கு ஆர்வம் பிடித்துக்கொண்டது. பாகுக்குப் பதம் பார்ப்பதுபோல் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். செண்பகத்தின் புதுச்சேலையை நினைத்தால் கொழகொழவென்று இருந்தது. வத்தலை நினைத்தால் இளம்பதம். வாயில் கரைகிறது என்று சபாபதி சொன்னதை நினைத்தால் கருங்கல்.

அதை நினைத்துக்கொண்டே இறங்கி நடந்தாள்.

எதிர்வீட்டு மாணிக்கவாசகம் போக்குவரத்துக் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். சன்னலிலிருந்து விசில் ஊதினார். "இடது பக்கம் போம்மா! இடது பக்கம்!"

அவள் இடது பக்கமாகவே போனாள். நாலு எட்டு வைத்தால் வேட்டியைத் தொட்டுவிடலாம் என்ற இடத்தில் செண்பகம் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அக்கா! வந்துட்டீங்களா!"

"வந்தேன். சும்மாதான். இங்க எப்படி இருக்கு?"

"எங்க நல்லாருக்குக்கா. வெயில் மண்டையப் பொளக்குது. பேச ஒரு நாதி இல்ல. அவரு கீழருந்து சோறு வச்சிட்டியான்னு மட்டும் சத்தம் குடுப்பாரு. வத்தல் நல்லா வந்து என்ன, யார்கிட்டப் போய்ச் சொல்றது?" கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"அடி பாவமே" என்றாள் மங்கை.

சொன்ன உடனே அவள் முழங்கால் ஆழம் இறங்கினாள். அப்புறம் இடுப்பளவு. கீழே டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. வத்தலை நினைத்துப் பார்த்தாள். பிடி கிடைக்கவில்லை. பாவம், தனியாகவல்லவா பிழிந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. இன்னும் இறங்கினாள்.

"ஐயோ, பரிதாபப்படாதீங்கக்கா!" செண்பகம் கத்தினாள். "என் வத்தல் உங்க வத்தலைவிட ஒசத்தி!"

"ஆமாண்டி, ஒசத்திதான்" என்றாள் மங்கை மனதார. ஒரு முழம் சரிந்தாள். பாதத்தில் சூடு பட்டது.

செண்பகம் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நேத்து நீங்க கோயிலுக்குப் போனதும் அத்தான் மேல வந்தாரு. ரெண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. 'அவ போடுற வத்தல் பல்லுக்கு வச்ச பரீட்சை'ன்னாரு!"

"என்னது?"

மங்கை விர்ரென்று மேலே வந்தாள். வந்த வேகத்தில் வேட்டியில் இடித்து நின்றாள். "அப்படியா சொன்னாரு?"

"பரீட்சைன்னு சொல்லல. மத்ததெல்லாம் நெசம்."

"அதுசரி, நீ எப்படிடி இங்க நிக்கிற? உனக்கு யாரைப் பார்த்து எரியுது?"

செண்பகம் சேலைத் தலைப்பைத் திருகினாள். "ரோடு தாண்டும்போது அத்தான் உங்க கையப் புடிச்சுக்கிறாரே. அதைப் பார்த்துத்தான்."

மங்கைக்கு மறுபடி இரக்கம் வந்துவிட்டது. அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து, வத்தலோடு, மெதுவாக இறங்கத் தொடங்கினார்கள்.

"அக்கா, ஏதாவது சொல்லுங்க!"

"ரோடு தாண்டுன பிறகும் விடமாட்டாருடி! சந்தை முழுக்கப் புடிச்சிட்டுத்தான் வருவாரு!"

செண்பகம் குபீரென்று எழும்பினாள். எழும்பியவள் மங்கையைப் பார்த்து, "எனக்கு இடுப்பு இருக்கு, புதுச்சேலை கட்டினா நிக்குது! உங்களுக்கு?" என்றாள். மங்கை எழும்பினாள். இப்படியே ஆளுக்கொரு முறை ஏசிக்கொண்டு, பெருமையடித்துக்கொண்டு, ஆளுக்கொரு முனையாக வேட்டியைப் பிடித்தபடி வீட்டை நோக்கி நடந்தார்கள்.

வாசலில் நின்றிருந்த சபாபதியும் அவர் தம்பி நடேசனும் அந்தச் சத்தத்தைக் கேட்டார்கள்.

"சண்டை போடுறாங்கண்ணே."

"ஆமா. சேர்ந்துட்டாங்க போல" என்றார் சபாபதி, நிம்மதியாக.

கைப்பிடிச்சுவர் ஓர் எட்டில் இருந்தபோது மங்கை நின்றாள். திரும்பி, தெருமுனைக்கு அப்பால், ஆற்றுக்கும் அப்பால் பார்த்தாள்.

"அந்தப் பக்கம் என்னடி இருக்கு?"

"தெரியாதுக்கா. போனதில்ல."

"பீத்திக்க உன்கிட்ட இன்னும் சரக்கு இருக்கா?"

"நெறைய இருக்கு. உங்ககிட்ட?"

"கேட்டா நீ அழுதுடுவ, அவ்வளவு இருக்கு." என்றாள் மங்கை. வேட்டியை உதறி வத்தலை மாடியில் கொட்டினாள். பிறகு இருவரும் இடது பக்கமாக ஆற்றை நோக்கி நடந்தார்கள்.