தள்ளுவண்டித் தமிழ்

பள்ளி விட்டதும் ரூஹி முதலில் ஏறுவது எதிர்ப் போர்ஷன் படியில்தான். அன்றைய கதையையெல்லாம் தேவிப்பிரியாவிடம் தமிழில் கொட்டுவாள். இருவரும் சிரிப்பது ஃபிசாவின் சமையற்கட்டு வரை கேட்கும். பிறகுதான் வீட்டுக்கு வந்து பையை எறிவாள். “பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?” என்று ஃபிசா இந்தியில் கேட்டால், “ஒன்றுமில்லை” என்பாள், பெற்ற தாயிடம்.

ஃபிசாவும் கணவன் ராஷித்தும் பீகாரிலிருந்து கரையான்சாவடிக்கு வந்தவர்கள். ராஷித்துக்குச் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. அங்கே இந்தியே போதும். ரூஹி இங்கே பிறந்தவள். தேவிப்பிரியாவை அவள் கூப்பிடுவது “ப்ரியாம்மா” என்று. அந்த ‘அம்மா’ ஃபிசாவுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது. பெற்றோர் கூட்டத்துக்குக்கூடத் தமிழ் தெரிந்தவள் என்று தேவிப்பிரியாதான் போய்வந்தாள்.

“இந்த முறை நான்தான் போவேன்” என்றாள் ஃபிசா.

“உனக்குத் தமிழ் வராதே” என்றான் ராஷித்.

“வரும்.”

எப்படி என்று அவள் சொல்லவில்லை. காலையில் காய்வண்டி தள்ளிவரும் துலுக்கானத்திடம் பேரம் பேசிப் பேசியே கற்றிருந்தாள். ஆணோ பெண்ணோ, துலுக்கானத்துக்கு எல்லாரும் நைனாதான்.

கூட்டத்தன்று ஸ்வாதி டீச்சரின் முன் உட்கார்ந்து, ஃபிசா மரியாதையாகவே ஆரம்பித்தாள். “இன்னா நைனா, நம்ம பொண்ணு எப்டி கீது? படிக்குதா, டபாய்க்குதா?”

வகுப்பே சிரித்தது. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு, “தமிழ்ல அவதாம்மா ஃபர்ஸ்ட். ஆனா வாயே ஓயறதில்ல” என்றார்.

“ஊட்ல தொறக்கவே தொறக்காது” என்றாள் ஃபிசா.

திரும்பும் வழியில் ரூஹி அழுதாள். கோபம் அவளுக்குத் தமிழில்தான் வந்தது. “மானமே போச்சு! அடுத்த வாட்டி ப்ரியாம்மாவே வரட்டும்!”

“அவ யாரு உனுக்கு? நான் இன்னா செத்தா பூட்டேன்?”

ரூஹியின் அழுகை நின்றது. “உனக்கு இவ்ளோ தெரியுமா?”

“தெரியும். ஊட்ல மட்டும் இன்னாத்துக்கு வாய மூடிகினு கீறே?”

“நீ இந்தில கேக்கறே. அங்க நடக்கறது எல்லாம் தமிழ்ல. எப்டி சொல்றது?”

“தமிழ்ல சொல்லு.”

“உன்னுது காய்வண்டித் தமிழு!”

“இருக்கட்டும்டி!”

இப்படியே தெருமுனை திரும்பினார்கள். எதிர்ப் படியில் சுண்டல் தட்டோடு தேவிப்பிரியா காத்திருந்தாள். “ரூஹி, வாடி. டீச்சர் இன்னா சொன்னாங்க?”

“இரு ப்ரியாம்மா. அம்மாகூட சண்ட போட்டுகினு கீறேன்.”

தேவிப்பிரியாவின் முகம் சுருங்கியதை ஃபிசா கண்குளிரப் பார்த்தாள். சண்டை இப்போது முடிந்துவிடக் கூடாது. ஆனால் தெரிந்த தமிழ் அத்தனையும் தீர்ந்துவிட்டது. வாசலிலேயே நின்று, இடுப்பில் கை வைத்து, மிச்சமிருந்ததை எடுத்து மகளைத் திட்டினாள்: “தக்காளி நாப்பதா? சொத்தையா பொறுக்கிப் போடுவே, நான் பாத்துகினு நிக்கணுமா?”

ரூஹி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சரி, முப்பத்தஞ்சு வெச்சுக்கோ. உள்ள வா, சொல்றேன்.”