திபேரியுவின் தலை

1968 நவம்பர் 14, வியாழக்கிழமை, காலை பத்தரை மணி. தருமபுரியில் தூறல் விடவில்லை. ஆயுளெல்லாம் சேர்த்த ரோமானிய வெள்ளிக் காசுகள் தமக்குப் பின் தட்டானின் உலைக்குப் போய்விடக் கூடாதென்று, அவற்றை அருங்காட்சியகத்துக்கு இலவசமாகவே கொடுக்க முன்வந்திருந்த சின்னப்பராஜ், மனைவி ராஜமேரியுடன் அரசு அலுவலக விசிப்பலகையில் முடிவுக்குக் காத்திருந்தார். முன்பு அவர் காய்ச்சலில் கிடந்தபோது, ராஜமேரி அத்தனை காசுகளிலும் துளையிட்டு, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கி, புனிதர் உருவப் பதக்கங்களான சுரூபங்களாக அவர் கழுத்தில் கட்டிவிட்டிருந்தாள்.

"காசுல தலையைச் சுத்தி எழுத்து இருந்துச்சுங்க. ஒளிவட்டம்னு நெனச்சேன். எந்தப் புனிதருங்க அவரு?" என்று கேட்டாள் ராஜமேரி.

"நம்ம ஆண்டவரைச் சிலுவையில அறைஞ்சப்போ ஆண்ட ரோமாபுரி ராசா, திபேரியு."

"அந்தாளையா உங்க கழுத்துல கட்டுனேன்? இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

அவர் சொன்னதில்லை.

எழுத்தர் வந்து, துளையிட்ட காசுகளை ஏற்பதற்கில்லை என்று அருங்காட்சியகம் ஒப்பமிட்டு அனுப்பிய முடிவுக் கடிதத்தை அவர் கையில் கொடுத்தார்.