மருந்து படாத வயல்

மதியச் சாப்பாட்டு மேசைகளைத் துடைத்து முடிப்பதற்குள்ளேயே இராகுலனுக்குக் கால் இரண்டும் கெஞ்சத் தொடங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பு வைன் கம்பனியிலிருந்து லக்சனா வந்து இறங்கினாள், புதிதாக வந்திருக்கும் சிவப்பு வைனைப் பற்றிப் பரிமாறுகிறவர்களுக்கு வகுப்பு எடுக்க. துறைமுகத்தைப் பார்த்த ஜன்னல் பக்கமாகக் கதிரைகளைப் போட்டார்கள். இராகுலன் கடைசிக் கதிரையில் போய் விழுந்தான்.

"இது சேதன முறையில விளைஞ்ச திராட்சையில செய்தது," என்றாள் லக்சனா. இரசாயனப் பசளை இல்லை, களைகொல்லி இல்லை. பூஞ்சணத்துக்குச் செம்பும் கந்தகமும் மட்டும் தெளிக்கலாம், அதுவும் அளவோடு. வைன் பழுதாகாமல் இருக்கச் சேர்க்கிற கந்தகமும் மற்ற வைன்களைவிடக் குறைவாம்.

சேதனம் என்ற சொல்லே இராகுலனுக்கு ஆகாது. அரசாங்கம் இரசாயனப் பசளையைத் தடைசெய்து நாட்டை ஒரே நாளில் சேதனமாக்கப் புறப்பட்ட அந்தப் பெரும்போக விதைப்பில்தான் அவனுடைய ஊரான கட்டைபறிச்சானில் அவனுடைய நெல் மஞ்சளாகிப் போனது. யூரியாவுக்கு அலைந்து செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். அறுவடைக்கு வந்த மெஷின்காரன் வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். அதற்குப் பிறகு இராகுலன் வரம்பில் கால் வைக்கவில்லை. ஹோட்டலில் தட்டு ஏந்த வந்தவன் வந்தவன்தான். புல் மண்டிக் கிடக்கிற அந்த வயலைப் பார்த்து விலை பேச நாளைக் காலையில் மூதூரிலிருந்து முனீப் வருகிறார். விற்க அவனுக்கு மனமில்லை, வைத்திருக்கத் தெம்புமில்லை.

"நேற்று வரைக்கும் மருந்தடிச்ச தோட்டம் இண்டைக்குச் சேதனமாகேலாது," என்றாள் லக்சனா. "மூண்டு வருசமாவது மண்ணில ஒண்டும் படாமல் இருக்கோணும். பிறகுதான் போத்தலில அந்தப் பேரைப் போட விடுவினம்."

இராகுலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "மிஸ், நெல்லுக்கும் இப்பிடித்தானோ?"

"கிட்டத்தட்ட இப்பிடித்தான். ஏன், வயல் இருக்கோ?"

"ஓம். வருசக்கணக்காச் சும்மா கிடக்கு."

"மருந்து ஒண்டும் படேல்லையோ?"

"மனிசக் காலே படேல்ல."

"அப்ப நல்லாப் போச்சுது. நீங்கள் சான்றிதழுக்குக் கேட்டுப் பாக்கலாம். இந்த ஹோட்டல்காரரே சேதனச் சிவப்பரிசி தேடித் திரியினம்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் நாய் படாத பாடு பட்டபோது அவனைக் கைவிட்ட மண், அவன் கைவிட்ட பிறகு தானாக ஒரு தகுதியைத் தேடி வைத்திருக்கிறது. ஆளுக்கொரு வாய் வைன் ஊற்றிக் கொடுத்தார்கள். நாக்கெல்லாம் துவர்த்தது. நன்றாயிருக்கிறது என்று மனதாரத் தலையாட்டினான்.

வகுப்பு முடிந்ததும் குசினிக்குப் பின்னால் போய் மனைவிக்கு அழைப்பெடுத்தான்.

"கீர்த்தனி, முனீப் நானாவை நாளைக்கு வரவேண்டாமெண்டு சொல்லும். வயலை நாங்கள் குடுக்கேல்ல."

"ஏனப்பா திடீரெண்டு?"

அவன் சொன்னான். திராட்சை, மூன்று வருடம், சிவப்பரிசி எல்லாவற்றையும் தலைகீழாகக் குழப்பிச் சொன்னான். இப்படி மூச்சுவிடாமல் அவளோடு கதைத்து எவ்வளவு காலம் என்று அவனுக்கே வியப்பாக இருந்தது.

"இஞ்சேருங்கோ," என்றாள் கீர்த்தனி. "நீங்கள் களைச்சுப்போய் வாறனீங்கள் எண்டுதான் நான் சொல்லேல்ல. பத்தையும் புல்லுமாக் கிடந்தா ஆர் வாங்குவினம்? தவராசா அண்ணையைப் பிடிச்சு முந்தநாள் களைகொல்லி அடிப்பிச்சனான். முழு வயலுக்கும். இப்ப வரம்பெல்லாம் வடிவாத் தெரியுது."

இராகுலன் சுவரில் சாய்ந்தான். அவள்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இன்னொரு மூன்று வருடம் பொறுத்திருக்க அவனுக்குள்ளே ஒன்றும் மிச்சமில்லை.

"பிழையாப் போச்சுதோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வரம்பு தெரிஞ்சாத்தானே வாங்கிற ஆளுக்குச் சுகம். நானாவை வெள்ளெனவே வரச்சொல்லும், வெயிலுக்கு முன்னம் பாத்திட்டுப் போகட்டும்."