பின்னறையில் ஒரு கட்டில்

"உங்களுக்கு இங்க தங்க ஒரு இடம்கூட இல்லன்னு சொல்றதுக்கு, இங்க உங்களுக்கு ஒரு ஆள் வேணும்மா" என்றார் ஆடிட்டர். சொல்லி முடித்ததும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சலவை அக்காவுக்கு வரவில்லை.

சலவை அக்கா என்பது ஆஸ்பத்திரி வைத்த பெயர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதன் சலவைக்கூடத்திலேயே இருந்து, கடைசியில் அதற்கே மேற்பார்வையாளராகி ஓய்வு பெற்றவள். பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலாளி வரை அத்தனை பேருக்கும் அக்கா. கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. அமையாததை நினைத்து அழுதுகொண்டிருக்க நேரமும் இருந்ததில்லை. ஆவியும் சோப்பு நுரையும் மெஷின்களின் இரைச்சலும் பகல் முழுக்க அவளைப் பிடித்து வைத்திருந்தன. ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான், தன் வீட்டில் இவ்வளவு நிசப்தம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் அக்கா, கூப்பிடத்தான் ஆளில்லை.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு தப்பியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. ஈரத்தரையில் கிடந்தபடி, திறந்து விட்ட குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கீழ்வீட்டுக்கு ஒழுகி, அந்த மனுஷன் சண்டை போடவாவது மேலே வந்து கதவைத் தட்டமாட்டானா என்று இருந்தது. தண்ணீர் பாட்டுக்குச் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் வாளியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, தானே எழுந்தாள்.

இதைப் போனில் கேட்டதிலிருந்து வெளிநாட்டில் இருக்கும் தங்கை ஒற்றைக் காலில் நின்றாள். "இனிமே நீ அங்க இருக்கவே கூடாது. எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டு வா" என்றாள். தங்கை வீட்டுக்காரர் தங்கமான மனுஷர்தான். அதற்காக, அடுத்தவர் அடுக்களையில் நின்று "இந்த டப்பா எங்க வைக்கணும்?" என்று தினமும் கேட்டுக் காலம் தள்ள அக்காவால் ஆகுமா? நல்ல வேளையாக, தங்கை வீட்டுக்கு எதிரிலேயே ஓர் ஒற்றை அறை வீடு விலைக்கு வந்தது. சின்ன வீடு. ஆனால் தனிக் கதவு, தனிப் பூட்டு. அந்தத் தனிக் கதவை அக்கா மனசுக்குள் எத்தனையோ தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டாள். ஓய்வூதியத்தை மாதாமாதம் வாங்காமல் ஒரே தொகையாக எடுத்தால் வாங்கிவிடலாம். வரிதான் குறுக்கே நின்றது.

ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். விமானம் ஏறுவதற்கு முன்பே தொகையைக் கையில் வாங்கிவிட வேண்டும். போன பிறகு வாங்கினால் அந்த நாடும் தன் பங்குக்குக் கை நீட்டும். இங்கே வரி பாதியாகக் குறைய வேண்டுமென்றால், ஒரேயடியாகப் போகிறவள் என்று காட்ட வேண்டும். சொந்த வீடு இருக்கக் கூடாது, வாடகை வீடு இருக்கக் கூடாது, யாராவது அவளுக்கென்று ஓர் அறை வைத்திருந்தால் அதுவும் கூடாது. அவளை நன்றாகத் தெரிந்த, சொந்தக்காரர் அல்லாத ஒருவர் நேரில் வந்து அப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அப்படி யாராவது இருக்காங்களா?"

அக்காவுக்கு ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்தது. ஊசியின் முகம்.

ஆஸ்பத்திரியில் ஊசி என்றால் நர்ஸ் கையில் இருப்பது என்று நினைத்துவிடக் கூடாது. சலவைக்கூடத்துக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து, கிழிந்த விரிப்புகளையும் டாக்டர்களின் மேலங்கிகளையும் தைத்த பெண்மணிக்குத்தான் அந்தப் பெயர். நாக்கும் அப்படித்தான். "எலி கடிச்சுடுச்சு" என்று பெரிய டாக்டர் நீட்டிய அங்கியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எலி கத்திரிக்கோல் எல்லாம் பிடிக்குமா சார்?" என்று கேட்டவள். பொய் சொல்ல மாட்டாள் என்பதில்லை. அவளுக்கு அது வரவே வராது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிறது, மகன் எங்கோ தூரத்தில். பெரிய விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது என்பதால் அக்கா ஒரு முனையும் அவள் ஒரு முனையுமாகப் பிடித்து மடித்ததுதான் இரண்டு பேருடைய சிநேகமும். வீட்டுக்குப் போய் வரும் பழக்கமெல்லாம் இருந்ததில்லை. பஸ் நிறுத்தத்தோடு சரி.

வரி அலுவலகத்தில் அவர்கள் முறை வந்தபோது, மேஜைக்குப் பின்னால் இருந்த இளவயது அதிகாரி ஜலதோஷத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "இவங்க எப்பவாவது திரும்பி வந்தா தங்கறதுக்கு, உங்களுக்குத் தெரிஞ்சு இங்க ஏதாவது இடம் தயாரா இருக்காம்மா?"

"ஏன் இல்லாம?" என்றாள் ஊசி. "என் வீடு இருக்கே. பின்னறையில கட்டில்கூடப் போட்டாச்சு."

அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

"இவ சும்மா பேச்சுக்குச் சொல்றா மேடம்."

"நான் என்னிக்குடி சும்மா பேச்சுக்குச் சொன்னேன்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்கு மனசு இருந்தது. அந்தப் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "கட்டில் போட்டு வெச்சிருந்தா முழு வரிதாம்மா. என்னால ஒண்ணும் பண்ண முடியாது. நான் இன்னும் எதுவும் எழுதல. மூஞ்சி கழுவிட்டு வரேன், அதுக்குள்ள பேசிக்கோங்க" என்று எழுந்து போனாள்.

"அறிவு கெட்டவளே" என்று அக்கா பல்லைக் கடித்தாள். "வர்ற வழியெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! முழு வரியும் பிடிச்சுட்டா அந்த வீட்ட எப்படிடி வாங்குவேன்? தங்கச்சி வீட்டுக் கூடத்துல பாய விரிச்சுப் படுக்கணுமா?"

"இடம் இல்லன்னு சொல்லணும்னு சொன்ன. நான் இருக்குன்னுதான் நெனச்சிட்டிருக்கேன். இருக்கறத எப்படிடி இல்லன்னு சொல்றது?"

"எப்ப போட்ட கட்டில?"

ஊசி புடவைத் தலைப்பின் பிரிந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ விழுந்தேன்னு சொன்னல்ல, அந்த வாரம்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ டிக்கெட்டோட வந்து நின்னுட்ட."

அப்படியானால் நான் போகவில்லை என்று சொல்லிவிடலாமா? அக்காவுக்கு வாய் வரைக்கும் வந்தது. வாடகை வீட்டுக்காரரிடம் சாவி கொடுக்க நாள் குறித்தாயிற்று, பீரோவை விற்றாயிற்று, தங்கை எதிர்வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுத்துவிட்டாள். அதெல்லாம்கூடப் பெரிதில்லை. எனக்காக ஒருத்தி கட்டில் போட்டுக் காத்திருப்பாள் என்று இந்த வயதுவரை நினைத்தே பார்க்காதவளுக்கு, இப்போது திடீரென்று அதில் போய்ப் படுக்கவும் தெரியவில்லை. ஏன்தான் இப்படி இருக்கிறோமோ என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அந்தத் தனிக் கதவு உனக்கு அவ்வளவு வேணுமா?" என்று ஊசி கேட்டாள்.

"வேணும்டி."

அதிகாரி வந்து உட்கார்ந்தாள். ஊசி நிமிர்ந்து, "இடம் இல்ல மேடம்" என்றாள்.

"கட்டில்?"

"இன்னிக்கே எடுத்துடுவேன். பொய் சொல்ற வழக்கம் எனக்கு இல்ல."

ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். அக்காவுக்குப் பாதி வரி மிச்சமானது. வெளியே வந்து பஸ் ஏறியதும், ஜன்னலோர இடத்தை ஒருத்திக்கொருத்தி விட்டுக்கொடுத்து, கடைசியில் அங்கே யாரும் உட்காராமலே வந்தார்கள்.

"இறங்கு. வீட்டுக்கு வந்துட்டுப் போ" என்றாள் ஊசி, தன் நிறுத்தம் வந்ததும்.

இரண்டே அறை. தையல் மெஷின் வாசலை ஒட்டி, சாரல் அடிக்கும் இடத்தில், மேலே பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது. வெளிச்சத்துக்காகப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள் அக்கா. கட்டில் கிடந்தது. அதன் மேல் வெள்ளை விரிப்பு, நான்கு முனையும் சலவைக்கூடத்தில் அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரியே இழுத்துச் செருகியிருந்தது. பக்கத்துக் குளியலறைச் சுவரில், உட்கார்ந்து எழப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பி பதித்திருந்தது. அதைச் சுற்றிய சிமென்ட் இன்னும் புது நிறத்திலேயே இருந்தது.

அக்கா அந்தக் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"அத விட்டுடு. எனக்கும் வயசாகுதுல்ல" என்றாள் ஊசி. "கட்டில மடக்கிப் பரண்ல ஏத்தணும். மெஷின உள்ள தள்ளணும். ஒரு கை பிடி. இல்லாட்டி நான் போட்டது பொய்க் கையெழுத்தாயிடும்."

அக்காவே விரிப்பை உருவினாள். கட்டிலை மடக்கி ஏற்றினார்கள். மெஷினைக் கரகரவென்று தரையில் இழுத்து வந்தார்கள். பின்னறைத் தரையில் அதன் நான்கு கால்களும் பல வருஷமாக நின்ற தடம் வெளுப்பாகத் தெரிந்தது. மூன்று கால்கள் தடத்தில் உட்கார்ந்தன. நான்காவது கொஞ்சம் தள்ளி நின்றது. ஊசி இடுப்பால் ஓர் இடி இடித்தாள். அதுவும் போய் உட்கார்ந்தது.

"இப்ப இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு, மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஏதோ ஒரு துணியைக் கொடுத்து ஓட்டவும் ஆரம்பித்துவிட்டாள். அக்கா பார்த்தவரையில் அந்தத் துணியில் கிழிசல் எதுவும் இல்லை.

உள்ளே நிற்க இடம் போதாமல் அக்கா நிலைப்படிக்கு வெளியே வந்து நின்றாள். விரிப்பு அவள் கையிலேயே இருந்தது. பழக்க தோஷத்தில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை முன்னால் நீட்டினாள். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டு, அந்த முனையையும் தன் பக்கம் இழுத்து, ஓரத்தை மோவாய்க்கடியில் இடுக்கிக்கொண்டு, தனியாக மடிக்கத் தொடங்கினாள்.