சோப்பு உறையில் இருந்த பேர்

என் பேர் எனக்குத் தெரிந்து வேறு யாருக்கும் கிடையாது. காரணம் ஒரு சோப்பு.

அப்பாவுக்கு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை. நான் பிறந்த சமயம் புது சோப்பு ஒன்று வரவிருந்தது, உறைகூட அச்சாகிவிட்டது. நாளைக்கு ஊரே கடையில் நின்று மகள் பேரைச் சொல்லிக் கேட்கும் என்று அப்பா முந்திக்கொண்டு அந்த சோப்பின் பேரையே எனக்கு வைத்துவிட்டார். கம்பெனியில் போட்டுப் பார்த்தவர்களுக்கெல்லாம் உடம்பு எரிந்தது. சோப்பு கடைக்கே வரவில்லை. மிச்ச உறைகளை அம்மா அலமாரித் தட்டில் விரித்தாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸ் வரை அர்த்தம் கேட்காத ஆளில்லை. எரிச்சலில் ஆளுக்கொன்று சொல்லிவைத்தேன்.

போன மாசம் நாத்தனாருக்குப் பெண் பிறந்தது.

"அண்ணி, உங்க பேரையே வைக்கலாம்னு இருக்கேன். அர்த்தம் என்ன?"

அவளிடம் கதை கட்ட மனசு வரவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன்.

"தேய்ச்சா எரியும். அவ்வளவுதான் அர்த்தம். வேற பேர் பாரு."

மடியில் தூங்கும் மகளின் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

"இந்தக் குடும்பத்துல உங்ககிட்ட மட்டும்தான் யாரும் வாலாட்டறதில்ல, அண்ணி. இதையே வைக்கறேன்."