மஞ்சள் பட்டை

எங்கள் அரசு ஆஸ்பத்திரியை ஒரே நாளில் மூடவில்லை. மூடியிருந்தால் ஊர் கொதித்திருக்கும். அதனால் கை வேறு கால் வேறாக வெட்டினார்கள். முதலில் சமையலறை, அடுத்து பிரசவ வார்டு, போன மாதம் ஸ்கேன் மிஷின். டாக்டர்களை ஒவ்வொருவராக மாற்றலில் உருவினார்கள். நாற்பது வருஷம் ஊரைத் தாங்கிய முந்நூறு கட்டிலில் மிஞ்சியது அவசரப் பிரிவு மட்டும். அங்கே நான் தலைமை நர்ஸ். என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்.

கதவைப் பூட்ட அதிகாரி போலீஸோடு வந்த காலையில் வாசலில் ஜனம் திரண்டுவிட்டது. என் வீட்டுக்காரர் ஸ்ட்ரெச்சரைக் குறுக்கே போட்டு மறித்தார். ஒரு மீசைக்காரப் போலீஸ் தடியை ஓங்கி அவர் தலையில் இறக்கினான். அந்தச் சத்தம் ஜன்னலில் நின்ற எனக்கே கேட்டது. அவ்வளவுதான், கல் பறந்தது. கூட்டம் மீசைக்காரனைக் கீழே தள்ளி மிதித்தது. யாரோ உடைந்த கண்ணாடியால் அவன் தொடையைக் கிழித்தார்கள். பத்து நிமிஷத்தில் என் பிரிவின் தரையெல்லாம் ரத்தம், பல், அறுந்த செருப்பு.

கூட்டமாகக் காயம் வந்தால் எங்களுக்கு ஒரு முறை உண்டு. வாசலிலேயே மணிக்கட்டில் துணிப் பட்டை கட்டிவிடுவோம். சிவப்பு என்றால் உடனே, மஞ்சள் என்றால் காத்திருக்கலாம். கட்டுகிறவள் காயத்தைத்தான் பார்க்க வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது.

மீசைக்காரன் தொடையில் ரத்தம் பீய்ச்சியது. சிவப்பு கட்டினேன். என் வீட்டுக்காரர் தானே நடந்து வந்தார். காதுக்கு மேலே ஒரு வீக்கம். கொஞ்ச நேரம் நினைவு தப்பியதாம், இப்போது தேவலையாம்.

"சிஸ்டர், ஒரு கட்டில் பாத்துக் குடுங்க. உங்க வீட்டுக்காரர் எனக்கு ரொம்ப வேண்டியவர்" என்று என்னிடமே அவருக்கு நக்கல் வேறு.

மஞ்சள் கட்டினேன்.

நினைவு தப்பி எழுந்தவன் சிரித்துப் பேசினாலும் நம்பாதே என்று புது நர்ஸ்களுக்குத் தொண்டை வறளச் சொல்லிக் கொடுத்தவள் நான். வேறு யாராக இருந்தாலும் சிவப்புதான். புருஷனுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு நாக்கு பேசிவிடக் கூடாது என்ற திமிர் எனக்கு.

இருந்த ஒரே ஆம்புலன்ஸில் மீசைக்காரனை ஏற்றினோம். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றரை மணி நேர வழி. என் வீட்டுக்காரரைக் காட்டி, அண்ணனும் முன்னால் உட்காரட்டுமே என்று டிரைவர் கேட்டான். வேண்டாம், அவர் மஞ்சள் என்றேன்.

அரை மணி நேரத்தில் அவர் வாந்தி எடுத்தார். அப்புறம் பேச்சில்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு கண்ணின் பாப்பா மட்டும் அகலமாக விரிந்திருந்தது. மண்டைக்குள் ரத்தம் கட்டுகிறது, உடனே துளை போட வேண்டும் என்றார் மிஞ்சியிருந்த ஒரே டாக்டர். ஆபரேஷன் தியேட்டருக்குச் சீல் வைத்திருந்தார்கள். குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கிப் பூட்டை அடித்தேன். தடுத்த போலீஸ்காரனின் முகத்திலும் அடித்தேன், அவன் மூக்கு உடைந்தது. நாலாவது அடியில் பூட்டு தெறித்தது. உள்ளே மேஜை இல்லை, விளக்கு இல்லை, ஒரு கத்தி இல்லை. எப்போதோ அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

நடைபாதையில், என் மடியிலேயே மூச்சு நின்றது.

அதிகாரி இறப்புப் படிவத்தோடு வந்தார். பத்து மணிக்கே ஆஸ்பத்திரி மூடியாகிவிட்டதாம், அதற்குப் பிறகு இங்கே யாரும் சாக முடியாதாம்.

"வழியில செத்ததா எழுதிக் குடுங்கம்மா. உங்களுக்கும் பிரச்சினை இல்ல."

செவிட்டில் ஒன்று விட்டேன். அவர் மூக்குக்கண்ணாடி பறந்து சுவரில் மோதியது. அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கி, இறந்த இடம், அவசரப் பிரிவு என்று எழுதினேன். நேரம், பன்னிரண்டு பத்து. இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் மீசைக்காரனின் சட்டையில் பார்த்த போலீஸ் நம்பரை எழுதினேன். பேனா அங்கேயே நின்றது. பிறகு அதன் கீழே என் பெயரையும் எழுதினேன்.