வலது பக்கத்துப் பார்வை

ராமதாஸ் கார் ஓட்டுகிற மிடுக்கைப் பார்த்தால் தெருவே ஓரம் கட்டும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக சைகோன் வரை போய் வந்த ‘சொல்தா’. ஊரைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுத் துரையிடம் வாங்கிய பெஜோ கார், அதில் ஸ்டியரிங் இடது பக்கம். இடது ஓரமாகப் போகிற நம் சாலையில் முன்னால் ஒரு மாட்டுவண்டி போனால் எதிரே என்ன வருகிறதென்று அவருக்குத் தெரியாது. வலது பக்கம் உட்கார்ந்திருக்கும் மனைவி கண்ணகிதான் எட்டிப் பார்க்க வேண்டும். “போலாமா?” என்பார். “போங்க” என்றால் போவார், “இருங்க” என்றால் அடங்குவார். பார்வை அவளுடையது, பேர் அவருக்கு.

அறுபத்திரண்டில், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. ராமதாஸ் அன்றைக்கே பிரான்சுக்குக் கிளம்பப் பெட்டி படுக்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணகிக்குப் போக மனமில்லை. பாஷை தெரியாத ஊரில், குளிரில், யாரோடு சண்டை போடுவது?

அந்த நேரம் பார்த்து அவள் அண்ணன் காசிலிங்கம் வந்து சேர்ந்தான். அம்பாசிடர் டாக்சி ஓட்டுகிறவன், வருஷா வருஷம் சோழவரத்துக்குக் கார் ரேஸ் பார்க்கப் போகிறவன்.

“ரேஸ்னா பிரான்சுதான் மச்சான். ராவும் பகலும் ஓட்டுவான். அது ரத்தத்துலயே கீது” என்றார் ராமதாஸ்.

“உன் ரத்தம் முத்தியால்பேட்டை ரத்தம். நம்ம ரோட்டுல ஓட்டறதுக்கு இந்தியன் வேணும். திண்டிவனம் ரயில்வே கேட்டு வரைக்கும் வரியா? தோத்தா பிரான்சை மறந்துடணும்.”

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “சரி” என்றார் ராமதாஸ். கண்ணகியை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

கோரிமேட்டில் கிளம்பினார்கள். கிளியனூர் தாண்டியும் அம்பாசிடர் முன்னால் மறித்துக்கொண்டே போனது. பெஜோவில் வலது பக்கம் கண்ணகி உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் நெருங்கியதும் ராமதாஸ் ஆக்சிலேட்டரில் காலை வைத்துக்கொண்டு கேட்டார்.

“போலாமா?”

எட்டிப் பார்த்தாள். புளியமரங்கள் வரை சாலை வெறிச்சென்று கிடந்தது.

“இருங்க. லாரி வருது.”

அந்தக் கணமே காலை எடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. லாரி கடந்து போகட்டும் என்று காத்திருந்தார். லாரி வரவில்லை, ரயில்வே கேட் வந்துவிட்டது.

காசிலிங்கம் ஹாரனை அடித்துத் தீர்த்துவிட்டு, “பிரெஞ்சு ரத்தம் இன்னா ஆச்சு?” என்று சிரித்தபடி டீக்கடைக்குப் போனான்.

ராமதாஸ் இறங்கவில்லை. “லாரி எங்க?”

பக்கத்துச் சாலையில் திரும்பிவிட்டது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. “லாரி எதுவும் வரல.”

“போறதுக்கு இஷ்டமில்லன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க கேட்டீங்களா? ஒரு மாடு குறுக்க நின்னாக்கூட என்னைக் கேக்கறீங்க. கடல் தாண்டிப் போறதுக்கு ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவர் வண்டியைத் திருப்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷர், இனி பிரான்ஸ் இல்லை.

மொரட்டாண்டி தாண்டியதும் முன்னால் ஒரு வைக்கோல் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் கேட்பார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

“ரோடு காலியா கீது. போங்க” என்றாள் அவளாகவே.

ராமதாஸ் கழுத்தை வலப்பக்கம் நீட்டிப் பார்த்தார். வைக்கோலைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

“நெசமாத்தாங்க. ஒண்ணும் வரல.”

கோரிமேடு வரைக்கும் அந்த வண்டிக்குப் பின்னாலேயே போனார்கள்.